மெக்கானிக்காக மட்டும் வரவும்

அனுப்புநர்:
க. சின்னச்சாமி,
கிளை நூலகர் (ஓய்வு),
சின்னமனூர், தேனி மாவட்டம்.

பெறுநர்:
திரு. கிறிஸ்டோபர்,
மென்பொருள் பொறியாளர்,
கோயம்புத்தூர்.

பொருள்: வீட்டுக் கம்ப்யூட்டர் பழுது – தொழில்நுட்ப உதவி கோருதல் – தொடர்பாக.

பார்வை: இரண்டு ஆண்டுகளுக்கு முன் தாங்கள் எனக்கு அனுப்பிய, நான் இன்றுவரை பதில் எழுதாத மின்னஞ்சல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இங்கு முல்லையாற்றில் தண்ணீர் நலம். இரண்டாம் போக நாற்று நலம். திராட்சைக்கு மட்டும் மழையால் சிறிது சங்கடம். மனிதர்களைப் பற்றிக் கடிதத்தின் போக்கில் தெரிந்துகொள்வீர்கள். தாங்களும் தங்கள் இல்லத்தில் இருப்பவரும் நலமாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் விருப்பம். இருப்பவர் ஒருவர்தான் என்று கேள்வி. அந்த ஒருவர் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாரா என்பதையும் பதிலில் குறிப்பிட்டால் நல்லது. அது கம்ப்யூட்டருக்குச் சம்பந்தமில்லாத கேள்விதான்.

தங்களை ஐயா என்று விளித்ததற்கு மன்னிக்க வேண்டும். வேறு சொல் ஒன்று இருக்கிறது. அதை இந்த வீட்டில் பயன்படுத்த முடியாத காரணம் தங்களுக்கு அரைகுறையாகத் தெரிந்திருக்கும். முழுமையாகச் சொல்லிவிடுகிறேன். தாங்களும் என் மகள் யுவராணியும் ராயப்பன்பட்டி சர்ச்சில் திருமணம் செய்துகொண்ட செய்தி வந்த வாரம், என் அண்ணன் ஈஸ்வரபாண்டி வீரபாண்டிக்குப் போய், கௌமாரியம்மன் சன்னிதியில் சூடம் ஏற்றி, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, "மாப்பிள்ளைன்னு சொல்லிக்கிட்டு அவன் நம்ம வீட்டுப் படியேறக் கூடாது. ஏத்துனவன் எனக்குக் கூடப்பெறந்தவன் இல்ல" என்று சத்தியம் செய்துவிட்டு வந்தார். கை வெந்துபோய்ச் சில நாள் ஸ்பூனில் சாப்பிட்டார். தகப்பனார் இல்லாத வீட்டில் என்னைப் படிக்கவைத்தவர் அவர். அடுத்த வீடுதான், நடுவில் ஒரே சுவர். தினமும் காலையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துதான் பேப்பர் படிப்பார். கோபம் என்றால் நாளானால் ஆறும். சூடம் அணைத்த சத்தியம் எங்கள் பக்கத்தில் ஆறுவதில்லை. சொன்னவரே நினைத்தாலும் திரும்ப வாங்க முடியாது.

இது பழைய விஷயம். கடிதம் கம்ப்யூட்டரைப் பற்றியது.

கம்ப்யூட்டர், யுவராணி இன்ஜினியரிங் சேர்ந்தபோது வாங்கியது. கம்ப்யூட்டர்களின் வயதுக் கணக்கில் அது எனக்கு அண்ணன். கூடத்து மூலையில் மேசைமேல் இருக்கிறது. ஜோதிலட்சுமி பழைய சேலைத் துணியில் அதற்கு உறை தைத்துப் போட்டிருக்கிறாள். (ஜோதிலட்சுமி என்பவர் யுவராணியின் தாயார். தங்களுக்கு என்ன முறை வேண்டும் என்பதை எழுத இயலாத நிலையில் இருக்கிறேன்.) சத்தியம் செய்து வந்த அன்று அண்ணன் சுவரில் மாட்டியிருந்த யுவராணியின் படங்களை இறக்கினார். ஆல்பங்களைக் கட்டித் திராட்சைத் தோட்டத்து மருந்து ரூமில் போட்டார். மீதியைக் கரையான் பார்த்துக்கொண்டது. கம்ப்யூட்டரை மட்டும் தொடவில்லை. தன் பழைய படங்களையெல்லாம் யுவராணி அதில் ஏற்றிவைத்திருந்தாள். அதற்குள் பிள்ளை இருப்பது அவருக்குத் தெரியாது.

தொடக்கத்தில் யுவராணி போன் செய்தாள். காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் அவளுக்கு நேரம் ஒழியும். அந்த நேரத்தில்தான் இங்கே அண்ணன் பேப்பர் படிப்பார். ஜோதிலட்சுமி எடுத்து, குரலைக் கேட்டு, "ராங் நம்பருங்க" என்று வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். அன்றைக்குக் குழம்பில் உப்பு இருக்காது. அல்லது இரண்டு தடவை இருக்கும். சில மாதம் கழித்து ராங் நம்பர் வருவது நின்றுவிட்டது.

அப்புறம்தான் தங்கள் மின்னஞ்சல் வந்தது. கல்யாணப் படங்கள் அத்தனையும், கீழே "அத்தை பார்க்க ஆசைப்படுவாங்க" என்று ஒரு வரியும், தங்கள் முகவரியும். முப்பது வருடம் நூலகத்தில் இருந்தவன் நான். வந்த தபாலுக்கு ஒப்புதல் அனுப்பாமல் இருந்தது என் பணிக்காலத்தில் இல்லாத ஒழுங்கீனம். ஆனால் படங்களை இறக்கி வைத்தேன். ஜோதிலட்சுமி பெற்ற கம்ப்யூட்டர் கல்வி இவ்வளவுதான்: பொத்தானை அமுக்கு, பொறு, மஞ்சப்பையைத் திற. படங்களைப் போட்டுவைத்த ஃபோல்டர் திரையில் மஞ்சளாக இருக்கும், அதற்கு அவள் வைத்த பெயர் மஞ்சப்பை. அண்ணன் தோட்டத்துக்குப் போனதும் மத்தியானத்தில் போய் உட்காருவாள். ஒவ்வொரு படத்தையும் பார்த்து முடித்ததும் திரையை முந்தானையால் துடைப்பாள். திரையில் தூசி இருந்து துடைப்பதாக நான் நினைக்கவில்லை.

போன கிறிஸ்மஸுக்குத் தாங்கள் இருவரும் ராயப்பன்பட்டி வந்துபோனதாக அறிந்தோம். முன்பெல்லாம் சின்னமனூருக்குள் நுழையாமல் ராயப்பன்பட்டி போக முடியாது. இப்போது பைபாஸ் போட்டுவிட்டார்கள். ஊரின் நெரிசலைக் குறைக்கப் போட்டது என்று போர்டு சொல்கிறது. எங்கள் வீட்டு நெரிசலும் குறைந்துதான் இருக்கிறது.

இனிப் பழுது விவரம். புரட்டாசியில் ஒருநாள் திரையில் நீலமாக ஓர் அறிவிப்பு வந்தது. நான் படித்துக்கொண்டிருந்தேன். ஜோதிலட்சுமி கேட்டாள்.

"என்னங்க சொல்லுது?"

"இதுக்கு வயசாயிருச்சாம். இந்த மாசத்தோட கம்பெனிக்காரக கைய விட்டுருவாகளாம். இனிமே நோய்நொடி வந்தா அவுக பொறுப்பில்லையாம்."

"புதுசா மாத்திக்கிற வழி எதும் இருக்கா?"

"கேட்டுப் பாத்தேன். இந்த ஒடம்பு தாங்காதுங்குது."

அவள் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தாள். "நம்மளச் சொல்லுதா, அதச் சொல்லுதா?" என்றாள்.

கைவிடுவதற்கு முன்னால் கடைசியாக ஓர் அப்டேட் மட்டும் போட்டுக்கொள்ளும்படி அது வற்புறுத்தியது. இழுத்துக்கொண்டிருக்கிறவர் வாயில் பால் ஊற்றுகிற மாதிரி என்று எடுத்துக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்ல மனசு வரவில்லை. நாளை பார்க்கலாம், நாளை பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே வந்து, ஒருநாள் காலையில் சரி என்று அமுக்கிவிட்டேன். அமுக்கிய பிறகுதான் அன்று ஆயுத பூஜை என்று தெரிந்தது.

அப்டேட் முப்பது சதவீதத்தைத் தாண்டி, மூலவைகை வறண்டு கிடக்கும் மாதத்தில் நகருவதுபோல் நகர்ந்துகொண்டிருந்தது. 'கம்ப்யூட்டரை அணைக்காதீர்கள்' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. ஜோதிலட்சுமி சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள்.

"ஏங்க, அமத்துங்க. சாமிக்கு வைக்கணும்."

"அமத்தக் கூடாதுன்னு போட்டிருக்குல்ல?"

"போட்டவனுக்கு இன்னைக்கு என்ன நாளுன்னு தெரியுமா? அருவா, மம்பட்டி, தையல் மிஷினு எல்லாம் வேலய விட்டுட்டுப் படுத்திருக்கு. இது மட்டும் ஓடிக்கிட்டே சாமி கும்புடுமாக்கும்?"

இரண்டு வீட்டுக்கும் சூடம் காட்டுகிறவர் அண்ணன். அவரும் வந்துவிட்டார். "ஏலே, தோட்டத்து மோட்டாரையே நிப்பாட்டிட்டு வந்திருக்கேன். இதுக்கு என்ன கேடு?" என்று சொல்லிக்கொண்டே சுவிட்சைத் தட்டினார். சரஸ்வதி பூஜையன்று புத்தகத்தைத் திறந்தால் படிப்பு வராது என்று வருடா வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்பியவன் நான். கொள்கை அளவில் எனக்கு மறுப்புச் சொல்ல இடமில்லை. கம்பெனியா கடவுளா என்று வந்தால், மாதக் கடைசியில் கைவிடப்போவதாக எழுதிக் கொடுத்தவர் கடவுள் இல்லை.

சந்தனம் காற்றுப் போகும் ஓட்டைகளில் எல்லாம் வைக்கப்பட்டது. பென் டிரைவ் செருகும் இடம் அழகான வாயாக இருந்ததால் அதிலும் ஒரு பொட்டு. பொரி கடலை கீபோர்டின்மேல் படைக்கப்பட்டது. 'எண்டர்' பொத்தானுக்கு அடியில் இன்றைக்கும் ஒரு பொட்டுக்கடலை இருக்கிறது. தாங்கள் வரும்போது காட்டுகிறேன்.

விஜயதசமி அன்று நல்ல நேரம் பார்த்துப் போட்டோம். கறுப்புத் திரையில் வெள்ளைப் புள்ளிகள் வட்டம் சுற்றின. செக்குமாடாவது எண்ணெய் எடுக்கும். இது சுற்றியது, அவ்வளவுதான். மத்தியானம் வரை சுற்றியது. அண்ணன் எட்டிப் பார்த்தார்.

"என்னத்தலே பாக்குற?"

"சுத்துது அண்ணே."

"ரெண்டு தட்டு தட்டு. மோட்டாரு தண்ணி எடுக்காட்டி வாயில தண்ணி ஊத்துறமே, அது மாதிரி இதுக்கு எதும் ஊத்தணுமோ?"

ஊற்றவில்லை. தட்டினோம். சுற்றுவதும் நின்றுவிட்டது.

உதவி எண் ஒன்றுக்குப் போன் செய்தேன். தமிழுக்கு இரண்டை அழுத்தச் சொன்னது. அழுத்தினேன். மலையாளத்தில் ஒரு பெண் பேசினார். அடிக்கடி குமுளி போய்வருகிறவன் என்பதால் பாதி புரிந்தது. "எத்ர வர்ஷமாயி?" என்றார். எத்தனை வருடம் ஆனது என்று சொன்னேன். எதையோ தட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது. பிறகு "அய்யோ" என்றார். இரண்டு மொழியிலும் அதற்கு ஒரே பொருள்.

பிறகு அந்தப் பெட்டியை வேட்டியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு நானும் ஜோதிலட்சுமியும் உத்தமபாளையத்துக்குப் பஸ் ஏறினோம். அங்கே பஸ் ஸ்டாண்டு அருகில் ஹக்கீம் என்பவர் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அம்மாள், வேட்டிக்குள் இருப்பது உடம்புக்கு முடியாத பிள்ளை என்று நினைத்து ஜன்னலைச் சாத்திவிட்டார். எதிர்க்காற்று ஆகாதாம். நாங்கள் மறுக்கவில்லை. ஜோதிலட்சுமி வேட்டியை இன்னும் கொஞ்சம் இழுத்துப் போர்த்தினாள்.

ஹக்கீம் பெட்டியைத் திறந்து உள்ளே பார்த்துவிட்டு, "சார், உள்ள ஒரு பூஜை ரூமே இருக்கு" என்றார். காய்ந்த சந்தனத்தைப் பிரஷ்ஷால் சுரண்டினார். பிறகு எதையெதையோ மாட்டி ஓடவிட்டுப் பார்த்தவர், "அப்டேட்டு பாதில நின்னிருக்கு. நடுவுல யாரு சார் அமத்துனது?" என்றார்.

"சரஸ்வதி" என்றேன்.

அவர் பிரஷ்ஷைக் கீழே வைத்தார். "ஃபார்மட் அடிச்சிருவோமா? நல்லா ஓடும். ஆனா உள்ள இருக்கிறது எல்லாம் போயிரும்" என்றார்.

அதுவரை ஸ்டூலில் உட்கார்ந்திருந்த ஜோதிலட்சுமி எழுந்துபோய் அந்தப் பெட்டியின்மேல் கையை வைத்துக்கொண்டாள். "வேணாந் தம்பி. ஓடாட்டியும் பரவால்ல. உள்ள இருக்கட்டும்" என்றாள்.

ஹக்கீம் அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். உள்ளே என்ன என்று கேட்கவில்லை. "ஒக்காருங்கம்மா. பாப்போம்" என்று சொல்லிவிட்டு, வந்த வேறு வேலைகளையெல்லாம் நாளைக்கு வரச் சொல்லி அனுப்பிவிட்டு, சாயங்காலம் வரை அதோடு மல்லுக்கட்டி உயிரைக் கொண்டுவந்தார். கொடுக்கும்போது, "பழைய செட்டிங் எல்லாம் மாறிப்போச்சு சார். அதுவா எதாச்சும் பண்ணும். பயந்துராதீக" என்றார்.

அது என்ன பண்ணும் என்று அவர் சொல்லியிருக்கலாம்.

மறுநாள் காலை. ஜோதிலட்சுமி, மஞ்சப்பை பத்திரமாக இருக்கிறதா என்று ஒருதரம் திறந்து பார்த்துவிட்டு, அண்ணன் வருகிற சத்தம் கேட்டு மூடிவிட்டு, அணைக்க மறந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரை விரித்தார். யாரும் தொடாத கம்ப்யூட்டர் சும்மா இருக்கப் பிடிக்காமல், உள்ளே இருந்த படங்களை ஒவ்வொன்றாகத் தானே எடுத்துக் காட்டத் தொடங்கியது. முதலில் சுருளி அருவியில் யுவராணி, இரட்டைச் சடையில், வாய் நிறையத் தண்ணீரோடு. அடுத்து பள்ளிக்கூட யூனிபாரத்தில். அடுத்து அண்ணனுடைய தோட்டத்தில், பந்தலுக்குக் கீழே, அண்ணன் தோளில் உட்கார்ந்து திராட்சைக் குலையை எட்டிப் பிடித்துக்கொண்டு. நான் காபியோடு அடுப்படி வாசலில் நின்றுவிட்டேன். எனக்குப் பின்னால் ஜோதிலட்சுமி. அடுத்த படம் வந்தது. வெள்ளைப் பட்டுச் சேலையில் அவள். பக்கத்தில் தாங்கள்.

ஓடிப்போய் அணைத்திருக்கலாம். எட்டு அடிதான். ஆனால் இந்தக் குடும்பத்தில் ஏற்கனவே சூடத்தை ஒருதடவை அணைத்தாகிவிட்டது, கம்ப்யூட்டரை ஒருதடவை அணைத்தாகிவிட்டது. இரண்டுக்கும் விளைவு தெரியும். மூன்றாவதாக எதையும் அணைக்க எனக்குக் கை வரவில்லை.

அண்ணன் பேப்பரைத் தாழ்த்தினார். பார்த்தார். சர்ச் வாசல், கேக், தங்கள் பெற்றோர், ராயப்பன்பட்டித் தெரு எல்லாம் வந்துபோயின. காபி என் கையில் ஆறியது. அண்ணன் கடைசியில் வாயைத் திறந்தார்.

"புள்ள மெலிஞ்சிருக்கா."

திரையில் மறுபடியும் தாங்கள் வந்தீர்கள்.

"கோட்டு தோளுக்கு மேல நிக்கிது. அவனுக்கு அளவெடுத்துத் தைக்க ஆளில்லையாக்கும்?" என்றார். பேப்பரை மடித்து வைத்துவிட்டு, காபி குடிக்காமலே எழுந்து போய்விட்டார். (கோட்டு உண்மையிலேயே சற்றுப் பெரிதுதான். இதை விமர்சனமாகக் கொள்ள வேண்டாம்.)

அன்று பூராவும் ஜோதிலட்சுமி பெட்டியைத் தூக்கிப் பரணில் போடச் சொல்லி ஆள் வரும் என்று எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள். ஆள் வரவில்லை. மறுநாள் காலையில் வழக்கத்தைவிடச் சீக்கிரமாக அண்ணன் வந்தார். நாற்காலியைத் திருப்பிப் போட்டார். பேப்பரை எடுக்கவில்லை. நான் துடைக்கிற சாக்கில் மேசைப் பக்கம் போனேன்.

"தொடாதலே. அதுவா வரும்" என்றார்.

வந்தது. அடுத்தடுத்த நாளும் வந்தது. எந்தப் படத்துக்கு அப்புறம் எந்தப் படம் என்று அவருக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. "இப்பச் சுருளித் தண்ணி" என்பார், வரும். பந்தல் படம் வரும்போது ஒன்றும் சொல்லமாட்டார். தாங்கள் வரும்போது தொண்டையைச் செருமுவார். ஒருநாள், "பய மூஞ்சி ஒண்ணும் மோசமில்ல" என்றார். யாரைப் பார்த்துச் சொன்னார் என்று தெரியவில்லை. அவள் பெயரை யாரும் எடுக்கவில்லை. மூன்று வயசாளிகள் காலையில் காபியை வைத்துக்கொண்டு, ஒருவரை ஒருவர் பார்க்காமல், கைவிடப்பட்ட ஒரு பெட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். இரண்டு வருடத்தில் இந்த வீட்டில் நடந்த நல்ல காரியம் என்று எதையாவது சொல்ல வேண்டுமானால் அதைத்தான் சொல்ல வேண்டும்.

நல்ல காரியம் என்றால் இடி விழ வேண்டும் அல்லவா? விழுந்தது. மேகமலைப் பக்கமிருந்து கறுத்துக்கொண்டு வந்து சாயங்காலம் ஒரு பிடி பிடித்தது. இடி இடித்தால் வீட்டில் இருக்கிற ஒயரையெல்லாம் உருவிப் போடுவது எங்கள் ஊர் வழக்கம். ஜோதிலட்சுமி ஓடி ஓடி உருவினாள். டிவி, ஃபிரிட்ஜ், மிக்ஸி எல்லாம் பிழைத்தன. மழை விட்டதும் எல்லாவற்றையும் நான் மாட்டினேன். கம்ப்யூட்டர் மட்டும் எழுந்திருக்கவில்லை. பொத்தானை அமுக்கினால் விளக்கு எரியவில்லை, காற்றாடி சுற்றவில்லை, முனகல்கூட இல்லை.

ஹக்கீமுக்குப் போன் போட்டேன். "ஒயரெல்லாம் நல்லா மாட்டியிருக்கா சார்?" என்று கேட்டார். ஓய்வுபெற்ற அரசு ஊழியரிடம் கேட்கும் கேள்வியா இது? எல்லாம் முறைப்படி இருக்கிறது என்று சொன்னேன். "அப்ப இடி உள்ள போயிருச்சு சார். இதுக்கு மேல நான் கைய வச்சா பாவம். உள்ள இருக்கிறத எடுக்கணும்னா பெரிய ஊருல, விவரமான ஆளா பாக்கணும்" என்றார்.

காலையில் அண்ணன் வந்தார். கறுப்புத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். காபி குடித்து முடிக்கும் வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அணைந்த திரையில் பார்க்க என்ன இருக்கும்? அவர் முகம்தான் தெரிந்திருக்கும்.

"யாரையாச்சும் கூட்டியாந்து சரி பண்ணுலே."

"இங்கன ஆளில்லண்ணே. வெளியூர்லருந்துதான் வரணும்."

"எந்த ஊர்லருந்து வந்தா என்ன? எவனா இருந்தா என்ன? பஸ்ஸு ஓட்டுறவன் யாருன்னு கேட்டுட்டா ஏறுறோம்?" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறிக்கொண்டு போனார்.

எவனாக இருந்தால் என்ன என்பது அவருடைய வாக்கு. இந்த வாக்கையும் சூடம் அணைத்த வாக்கையும் நான் அருகருகே வைத்துப் பலமுறை படித்தேன். 'மாப்பிள்ளைன்னு சொல்லிக்கிட்டு' படியேறக் கூடாது என்றுதான் அம்மனிடம் சொல்லியிருக்கிறார். மெக்கானிக் என்று சொல்லிக்கொண்டு ஏறுவதற்கு எந்தத் தடையும் சொல்லப்படவில்லை. தலைதீபாவளிக்குப் பெண்ணையும் மாப்பிள்ளையையும் தட்டுத் தாம்பூலத்தோடு நேரில் போய் அழைக்க வேண்டும். அதை நாங்கள் செய்யவில்லை. இனிமேல் செய்தாலும் அது தலைதீபாவளி ஆகாது. மெக்கானிக்கை அழைக்க இந்தக் கடிதம் போதும்.

எனவே தாங்கள் மெக்கானிக்காக, மெக்கானிக்காக மட்டும், ஒருதரம் வந்துபோக வேண்டும். சில விஷயங்களை மனதில் வைத்துக்கொள்ளவும். கையில் ஒரு பை, பையில் ஒரு ஸ்க்ரூடிரைவர் இருக்கட்டும், அண்ணன் பார்ப்பார். ஸ்வீட், பழம் வேண்டாம்; மெக்கானிக் வாங்கி வருவதில்லை. யார் காலிலும் விழ வேண்டாம். மெக்கானிக் குனிந்தால் ஒயரைப் பார்க்கத்தான் குனிய வேண்டும். கோட்டு வேண்டவே வேண்டாம். காபி கொடுத்தால் குடிக்கலாம். மெக்கானிக்குக்குக் கறிக்குழம்பு வைக்கும் வழக்கம் எங்கள் பக்கத்தில் இல்லை, அது ஜோதிலட்சுமிக்குத் தெரியாது, சொன்னாலும் கேட்கமாட்டாள். தாங்கள் தனியாக வருவீர்களா, துணைக்கு யாரையாவது கூட்டி வருவீர்களா என்பதைப் பற்றி எழுத எனக்கு அதிகாரமில்லை. அண்ணன் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானாகச் சேர்த்துக்கொள்ள முடியாது.

சரிசெய்ய முடியாவிட்டாலும் குறையில்லை. உள்ளே இருக்கிற மஞ்சப்பையை மட்டும் எப்படியாவது வெளியே எடுத்துக் கொடுத்தால் போதும். ஜோதிலட்சுமி மத்தியானம் ஆனால் அந்த மூலைக்குப் போய் உறையை எடுத்து, திரையைத் துடைத்து, உறையைப் போட்டுவிட்டு வருகிறாள். பார்க்கச் சகிக்கவில்லை.

வீட்டில் அனைவரையும் விசாரித்ததாகச் சொல்லவும். அனைவர் என்றால் யார் என்று தங்களுக்குத் தெரியும். வயதில் மூத்தவன் என்ற ஒரே உரிமையில் இருவரையும் ஆசீர்வதிக்கிறேன். மற்ற உரிமைகள் அம்மனிடம் நிலுவையில் உள்ளன.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
க. சின்னச்சாமி

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் நிலவரம் மாறிவிட்டதால் கீழ்க்கண்டதைச் சேர்க்கிறேன்.

இன்று காலை ஜோதிலட்சுமி தீபாவளிக்காக மேசைக்குப் பின்னால் ஒட்டடை அடித்தாள். பெட்டிக்குப் போகிற பவர் ஒயர் மாட்டாமலே தரையில் கிடந்திருக்கிறது. இடியன்று உருவியது அவள். திரும்ப மாட்டியது நான். ஆக, மாட்டாமல் விட்டது யார் என்பதை விசாரிக்க வேண்டியதில்லை. மாட்டினாள். எரிந்தது. கம்ப்யூட்டர் பூரண நலம். மஞ்சப்பை பத்திரம். ஆகையால் மேற்கண்ட கடிதத்துக்கு அவசியமே இல்லை என்று கிழிக்கப் போனேன். அதற்குள் அண்ணன் வந்து, நாற்காலியைத் திருப்பிப் போட்டு, ஒரு சுற்றுப் படம் முழுக்கப் பார்த்தார். பிறகு என் கையில் இருந்த கவரைப் பார்த்தார்.

"அது மெக்கானிக்குக்கு எழுதுனதா?"

"ஆமாண்ணே. இப்பத்தான் ஓடுதே, அதான்..."

"எங்கலே ஓடுது?" என்றார். எழுந்து, மேசைக்குப் பின்னால் கையை விட்டு ஒயரை உருவினார். திரை கறுத்தது. "இது இன்னும் ரிப்பேருதான். எழுதுனத எழுதுனபடி அனுப்பு. தீபாவளிக்கு மொத நாளே வரச் சொல்லு. ஒரு நாள்ல முடியிற வேலையா இது?" என்றார். வாசல் வரை போனவர் திரும்பி, "மெக்கானிக்கு தனியாவா வருவான்? ஸ்க்ரூடிரைவர் எடுத்துக் குடுக்கக் கூட ஒரு ஆளு வேணாமா? அவளையும் சேத்து எழுதுலே" என்றார்.

ஜோதிலட்சுமி அடுப்படிக்குப் போய்விட்டாள். இன்று குழம்பு எப்படி இருக்கும் என்று தெரியவில்லை.

ஒயரைச் சுருட்டி மடியில் செருகிக்கொண்டு அண்ணன் தன் வீட்டுக்குப் போய்விட்டார். ஆகவே பழுது தற்போது எங்கள் வீட்டில் இல்லை, அடுத்த வீட்டில் இருக்கிறது. தாங்கள் இருவரும் முதலில் அங்கே போய்ப் பார்க்கவும்.